கப்பலும் படகும்

கேள்வி: வெளிநாட்டவர் பதிவைக் கடுமையாக்கினால் ஏன் எதிர்க்கிறார்கள்? யார் இருக்கிறார்கள் என்று அரசுக்குத் தெரிய வேண்டாமா?
– வாசகி, குன்னூர்

பதில்: இலங்கைத் தமிழர் முகாம்களில் ஆண்டாண்டாய்ப் பெயர் பதிந்து, தணிக்கைக்கு வரிசையில் நிற்கிறார்கள். தெரியாமல் என்ன இருக்கிறது? இல்லாதது குடியுரிமைதான்.

1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில் இலங்கையின் மலையகத் தமிழர் 5,25,000 பேரைக் குடிமக்களாக ஏற்க இந்தியா ஒப்பியது. அப்படிக் கப்பலில் வந்தவர்களுக்கு வேலை தரவே உங்கள் நீலகிரியில் அரசு தேயிலை நட்டது. இன்றைய டான்டீ (தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகம்) அதுதான். அதே மலையகத்திலிருந்து 1983 கலவரத்துக்குப் பின் தப்பி வந்தவர்களோ அகதிகள்! கப்பலில் வந்தவர் குடிமகன், படகில் வந்தவர் அந்நியர். 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டமும் இவர்களைச் சேர்க்கவில்லை. 2025-ல், ஆவணமின்றித் தங்குவதற்கான தண்டனையிலிருந்து விலக்கு மட்டும் கிடைத்தது.

முகாமில் பிறந்த பிள்ளைகளுக்காவது முதலில் குடியுரிமை கொடுங்கள். பதிவேட்டைப் பிறகு புரட்டலாம்.