தகவல் பாதுகாப்புத் துறைத் தலைவர் அவர்களுக்கு ஒரு விண்ணப்பம்

மகா கனம் பொருந்திய வங்கித் தகவல் பாதுகாப்புத் துறைத் தலைவர் அவர்களின் சமூகத்துக்கு, மென்பொருள் கம்பெனி ஒன்றில் உத்தியோகம் பார்த்து, மாதச் சம்பளத்தைத் தங்கள் வங்கியிலேயே போட்டுவைத்திருக்கும் சேமிப்புக் கணக்குதாரன் ஒருவன் தாழ்மையுடன் செய்துகொள்ளும் விஞ்ஞாபனம்.

ஐயா,

தங்கள் வங்கியின் பெயரை இக்கடிதத்தில் நான் எழுதவில்லை. எந்த வங்கியில் கணக்கு வைத்திருப்பவரும், இது தம்முடைய வங்கிக்கே எழுதப்பட்டது என்று பாத்தியதையுடன் வாசித்துக்கொள்ள இடமிருக்க வேண்டும் என்ற பொதுநலமே அதற்குக் காரணம். பிறர் எழுதிய மென்பொருளில் ஓட்டை எங்கே இருக்கிறது என்று தேடுவதையே ஜீவனோபாயமாகக் கொண்டவனாகையால், கம்ப்யூட்டரையும் அதன் காவலையும் பற்றி எனக்குச் சில அபிப்பிராயங்கள் உண்டு. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பின் டீக்கடை வாசலில் சகாக்களோடு பேசிக்கொள்ளும் சில்லறை அபிப்பிராயங்களேயாயினும், அவை எங்கே தொடங்கினாலும் சுற்றிச் சுற்றித் தங்கள் துறையின் வாசலிலேயே வந்து நிற்பதால், அவற்றைத் தங்களிடமே ஒப்படைத்துவிடுவது உத்தமம் என்று தோன்றிற்று.

முதலாவதாக, பாஸ்வேர்டைப் பற்றித் தாங்கள் இயற்றியருளிய தர்மசாஸ்திரத்துக்கு என் வந்தனம். 90 நாளுக்கு ஒருமுறை அதை மாற்றியாக வேண்டும். அதில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து, எண், விசேஷக் குறி என்னும் நால்வகைச் சேனையும் அணிவகுத்து நிற்க வேண்டும். முந்திய ஐந்து பாஸ்வேர்டுகளின் சாயல் அதில் படியலாகாது. சொந்தப் பெயரும் பிறந்த தேதியும் அதில் தலைகாட்டலாகாது. இத்தனை நியமங்களையும் அனுசரித்துப் பெற்றெடுத்த அந்தச் சொல்லை எங்கும் எழுதிவைக்கவும் கூடாது. சதாவதானி செய்குத்தம்பிப் பாவலர் 1907இல் சென்னை விக்டோரியா மண்டபத்தில் நூறு விஷயங்களை ஒருங்கே மனத்தில் நிறுத்திக் காட்டிய சாதனையை நாம் இன்றும் வியந்து பேசுகிறோம். தங்கள் வங்கியோ, அந்த ரகத்துச் சித்தியொன்றை, குடும்ப ஓய்வூதியம் எடுக்க வரும் எழுபது வயதுப் பாட்டியிடம் மூன்று மாதத்துக்கு ஒருமுறை சர்வசாதாரணமாக எதிர்பார்க்கிறது.

இந்த சாஸ்திரத்தின் பூர்வோத்தரம் தாங்கள் அறியாததன்று. அமெரிக்க அரசின் தர நிர்ணய நிறுவனத்தில் பணியாற்றிய பில் பர் என்பவர், கையில் போதிய சோதனைத் தரவு இல்லாத நிலையில், எழுத்தையும் எண்ணையும் குறியையும் கலக்குங்கள், அவ்வப்போது மாற்றுங்கள் என்று 2003இல் எழுதிவைத்தார். உலகம் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டது. ஓய்வு பெற்ற பின் 2017இல், தாம் எழுதியவற்றில் பெரும்பகுதிக்காக இப்போது வருந்துவதாக அவரே ‘வால் ஸ்ட்ரீட் ஜர்னல்’ பத்திரிகையிடம் சொன்னார். அதே வருஷத்தில் அந்த நிறுவனமும், களவு போனதற்குத் தடயம் இருந்தாலொழியப் பாஸ்வேர்டை மாற்றச் சொல்லாதீர்கள், குறிகளைக் கலக்கும்படி வற்புறுத்தாதீர்கள், நீளமாக வைத்துக்கொள்ள அனுமதியுங்கள் என்று விதியைத் திருத்தி எழுதிற்று. மைக்ரோசாஃப்ட் கம்பெனி 2019இல் விண்டோஸுக்கான தன் பாதுகாப்புப் பரிந்துரைகளிலிருந்து காலாவதி விதியையே எடுத்துவிட்டது. ஸ்மிருதியை எழுதினவரே அதைத் தள்ளிவைத்த பிறகும் அட்சரம் பிசகாமல் அனுஷ்டித்துவரும் தங்கள் பக்தியை என்னென்று புகழ்வேன்!

அந்த பக்தியின் பலன் யாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். வாடிக்கையாளர் தம் குலதெய்வத்தின் பெயரை ஆங்கிலத்தில் அடித்து, முதலெழுத்தைப் பெரிதாக்கி, பின்னால் ஓர் அட் குறியையும் 1 என்ற எண்ணையும் ஒட்டுகிறார். மூன்று மாதம் கழித்து 1 போய் 2 வருகிறது, பிறகு 3. ஆறு வரை ஏறியதும், தங்கள் செர்வருக்கு ஐந்துக்குமேல் ஞாபகமில்லை என்ற ரகசியத்தைக் கண்டுகொண்டு, பழையபடி 1க்கே இறங்கிவிடுகிறார். வட கரோலினாப் பல்கலைக்கழகத்து ஆராய்ச்சியாளர்கள், காலாவதியான பாஸ்வேர்டுகளைத் திரட்டிச் சோதித்து, பழையது ஒன்று தெரிந்திருந்தால் அதற்கடுத்துவந்த பாஸ்வேர்டுகளில் 41 சதவீதத்தை மூன்று விநாடிக்குள் கம்ப்யூட்டரைக் கொண்டு கண்டுபிடித்துவிடலாம் என்று 2010இல் எழுதினார்கள். ஆக, மாற்றச் சொல்லுவதால் திருடனுக்கு நேரும் சிரமம் மூன்று விநாடி. பாதுகாப்பு நிபுணர் புரூஸ் ஷ்னையரோ, நல்லதொரு பாஸ்வேர்டை வைத்து, அதைக் காகிதத்தில் எழுதி, பர்ஸில் வைத்துக்கொள்ளுங்கள் என்று 2005இலேயே சொன்னார். துண்டுக் காகிதத்தைப் பத்திரப்படுத்த மனிதருக்கு நன்றாகத் தெரியும் என்பது அவர் வாதம். அவர் தங்கள் வங்கியில் கணக்கு வைத்திருந்தால் அந்தக் காகிதமே குற்றமாகியிருக்கும்.

இரண்டாவதாக, மாதந்தோறும் மின்னஞ்சலில் வரும் கணக்கு விவரத்தைப் பற்றி. அது பிடிஎஃப் கோப்பாக, பாஸ்வேர்டு போட்டு வருகிறது. அதே மின்னஞ்சலில் நாலு வரி கீழே, பாஸ்வேர்டாவது தங்கள் பெயரின் முதல் நான்கு எழுத்துகளும், பிறந்த நாளும் மாதமும் என்று, ஒரு கற்பனைப் பெயரை வைத்து உதாரணமும் காட்டித் தெளிவுரை வழங்கப்பட்டிருக்கிறது. வீட்டைப் பூட்டிச் சாவியை நிலைமேல் வைத்து, வைத்த இடத்தைக் கதவிலேயே எழுதி ஒட்டிவிட்டு ஊருக்குப் போகும் கிருகஸ்தரின் முன்ஜாக்கிரதை இது. என் பெயர் அஞ்சலின் முதல் வரியிலேயே இருக்கிறது. ஆகவே அஞ்சலைக் களவாடியவனுக்குத் தெரியாதது நாளும் மாதமும் மட்டுமே. லீப் வருஷத்தைச் சேர்த்தாலும் வருஷத்துக்கு 366 நாள்தான் உண்டாகையால், 366 பாஸ்வேர்டுகளுள் ஒன்று நிச்சயமாகத் திறந்துவிடும். கோப்பு அவன் கையிலேயே இருப்பதால், மூன்று முறை தவறினால் கணக்கை முடக்கும் காவலும் அங்கே கிடையாது. சில வங்கிகள் இன்னும் கெட்டியாக இருக்கட்டும் என்று பிறந்த வருஷத்தையும் சேர்க்கின்றன. நூறு வருஷத்துக்குக் கணக்கிட்டாலும் 36,525 நாள்தான். முன்னதைக் கம்ப்யூட்டர் கண்ணிமைப்பதற்குள் முடிக்கும். பின்னதற்குத் திருடன் ஒரு வாய் டீ குடித்துக் காத்திருக்க வேண்டியிருக்கலாம். என் பாஸ்வேர்டில் பெயரும் பிறந்த தேதியும் வரலாகாது என்று விதித்த அதே திருக்கரம், தன் பாஸ்வேர்டைப் பெயரும் பிறந்த தேதியும் தவிர வேறொன்றும் இல்லாமல் ஆக்குகிற சாமர்த்தியத்தை நான் வேறெங்கும் கண்டதில்லை.

இதற்கு அடுத்த அதிசயம், பாஸ்வேர்டை மறந்தவர்களிடம் தாங்கள் கேட்கும் ரகசியக் கேள்வி. தாயாரின் விவாகத்துக்கு முந்திய குடும்பப் பெயர் யாது? எந்தச் சீமையிலோ யாருக்கோ எழுதப்பட்ட இந்தக் கேள்வி கடல் கடந்து வந்து சேர்ந்திருக்கிறது. தமிழ்நாட்டில் பெரும்பாலோருக்குக் குடும்பப் பெயர் கிடையாது. தகப்பனார் பெயரின் இனிஷியல்தான் உண்டு. என் தாயாருக்குக் கல்யாணத்தால் மாறியது அந்த ஓரெழுத்து மட்டுமே. அந்த எழுத்தைச் சத்தியமாக எழுதினால், குறைந்தபட்சம் மூன்றெழுத்து வேண்டும் என்று தங்கள் படிவம் திருப்பி அனுப்புகிறது. உண்மையைச் சொல்லுகிறவன் உள்ளே போக முடியாத வாசலில், விஷயம் தெரிந்தவன் போவதற்குத் தடையில்லை. 2008இல் அமெரிக்க உபஜனாதிபதிப் பதவிக்குப் போட்டியிட்ட சாரா பேலின் அம்மையாரின் யாஹூ மின்னஞ்சலுக்குள் ஒரு கல்லூரி மாணவர் நுழைந்தது, அவருடைய பிறந்த தேதி, ஊரின் அஞ்சல் எண், கணவரை அவர் சந்தித்த இடம் ஆகிய கேள்விகளுக்கு எல்லாரும் பார்க்கக்கூடிய தகவல்களிலிருந்தே விடை தேடி எழுதித்தான்.

பாஸ்வேர்டுப் பெட்டியில் காப்பி-பேஸ்ட் செய்யக் கூடாது என்ற தடையைப் பற்றி அதிகம் பேசப்போவதில்லை. ஒவ்வொரு தளத்துக்கும் வெவ்வேறாக நீண்ட பாஸ்வேர்டை உண்டாக்கி நினைவில் வைக்கும் மென்பொருள்கள் இருக்கின்றன. அவற்றின் உதவியைத் தடுத்து, கையால் அடிக்கக்கூடிய குலதெய்வத்தின் பெயருக்கே மக்களைத் திருப்பி அனுப்புவது அந்தத் தடை. அது பக்தி வளர்ச்சிக்கான கைங்கரியம் என்று எடுத்துக்கொண்டேன்.

மூன்றாவதாக, தொலைபேசி. யார் அழைத்தாலும் சொந்த விவரங்களைச் சொல்லாதீர்கள் என்று தாங்கள் குறுஞ்செய்தி மேல் குறுஞ்செய்தியாக உபதேசிக்கிறீர்கள். பிறகு தங்கள் சிப்பந்தி ஒருவர் என்னை அழைத்து, பேசுவது நான்தான் என்று உறுதி செய்துகொள்ளும் பொருட்டுப் பிறந்த தேதியைச் சொல்லும்படி கேட்கிறார். பேசுவது வங்கிதான் என்று நான் உறுதி செய்துகொள்ளும் பொருட்டு, வங்கி ஸ்தாபிக்கப்பட்ட தேதியைத் தாங்கள் முதலில் சொல்லுங்கள் என்று மரியாதையுடன் கேட்டேன். அவர் மனம் புண்பட்டது. சந்தேகப்படும் உரிமை ஒரு பக்கத்துக்கு மட்டுமே உரியது என்பது அவர் மௌனத்திலிருந்து எனக்குத் தெளிவாயிற்று. கணக்குச் சம்பந்தமாக வாடிக்கையாளரை அழைக்க 1600 என்று தொடங்கும் எண்களையே உபயோகிக்கும்படி ரிசர்வ் வங்கி 2025 ஜனவரியில் உத்தரவிட்டதே, வங்கியும் தன்னை யாரென்று காட்டிக்கொள்ளக் கடமைப்பட்டது என்பதற்காகத்தான். ஆயினும் எண் மாறியதே தவிர, முதலில் யார் யாருக்கு நிரூபிப்பது என்ற வழக்கம் மாறவில்லை.

இவ்வளவையும் கேட்ட என் சகாக்கள், தங்கள் துறைக்கு விஷயம் போதாது என்று ஏக மனதாகத் தீர்மானித்தார்கள். நான் மட்டும் அதை வன்மையாக மறுத்தேன். தங்களுக்கு விஷயம் மிக நன்றாகத் தெரியும் என்பதே என் சித்தாந்தம். அதற்கு ஆதாரமும் காட்டினேன். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்து ராஸ் ஆண்டர்சன் 1993இல் எழுதிய ஒரு கட்டுரையில், வங்கிக் காவல்கள் எவ்வாறு தோற்கின்றன என்பதை ஏடிஎம் மோசடிகளை வைத்து ஆராய்ந்தார். 1980இல் சிட்டிபாங்க்குக்கு எதிரான ஒரு வழக்கில் நியூயார்க் நீதிமன்றம் வாடிக்கையாளரின் வாக்கை ஏற்றுக்கொண்டது. அதிலிருந்து அமெரிக்காவில், பணத்தை எடுத்தது வாடிக்கையாளரே என்று நிரூபிக்கும் பாரம் வங்கியின் தலைமேல் விழுந்தது. பிரிட்டனிலோ, எங்கள் இயந்திரம் தவறு செய்யாது என்று வங்கி சொல்லிவிட்டால், வாடிக்கையாளர்தான் அதை மறுத்து நிரூபிக்க வேண்டியிருந்தது. அதன் விளைவாக, நஷ்டம் தன் தலையில் விடிந்த அமெரிக்க வங்கி ஏடிஎம்மில் கேமரா வைத்தது. நஷ்டம் பிறர் தலையில் விடிந்த பிரிட்டிஷ் வங்கி அசட்டையாக இருந்தது. பூட்டின் தரம் பூட்டுச் செய்பவனின் ஞானத்தைப் பொறுத்ததன்று, களவு போனால் அழப்போகிறவன் யார் என்பதைப் பொறுத்தது என்று அன்றே விளங்கிவிட்டது.

நம் தேசத்தில் ரிசர்வ் வங்கி 2017 ஜூலை 6ஆம் தேதி வெளியிட்ட சுற்றறிக்கை அமெரிக்க வழியையே பின்பற்றியிருக்கிறது. வாடிக்கையாளரின் பிசகும் வங்கியின் பிசகும் இல்லாமல் வேறெங்கோ நேர்ந்த மோசடியை மூன்று வேலை நாளுக்குள் தெரிவித்துவிட்டால் வாடிக்கையாளருக்கு நஷ்டமில்லை. பொறுப்பு வாடிக்கையாளருடையது என்று வாதித்தால் அதை நிரூபிக்க வேண்டியது வங்கியே. இதில் முக்கியமான விதிவிலக்கு ஒன்று உண்டு: வாடிக்கையாளரே தம் அஜாக்கிரதையால் ரகசியத்தை வெளியிட்டிருந்தால், அவர் புகார் கொடுக்கும்வரை நேர்ந்த நஷ்டம் முழுதும் அவருடையது.

ஐயா, இங்கேதான் தங்கள் சாஸ்திரத்தின் உட்பொருள் எனக்குப் பிரத்தியட்சமாயிற்று. எந்த மனிதனாலும் முழுதாக அனுசரிக்க முடியாத விதிகளை இயற்றிவிட்டால், வாடிக்கையாளர் ஒவ்வொருவரும் எந்த நிமிஷத்திலும் ஏதோ ஒரு விதியை மீறியவராகவே இருப்பார். மகனிடம் ஓடிபியைப் படித்துக் காட்டச் சொன்ன கண் தெரியாத தகப்பனார், டைரியின் கடைசிப் பக்கத்தில் பாஸ்வேர்டை எழுதிய ஆசிரியை, பழைய பாஸ்வேர்டின் வாலை மட்டும் மாற்றிய என்னைப் போன்ற சோம்பேறி, எல்லாருமே அஜாக்கிரதைக்காரர்கள். பணம் போன அன்று அஜாக்கிரதையைத் தேட வேண்டியதில்லை; ஃபைலில் முன்கூட்டியே தயாராக இருக்கும். திருடனை நிறுத்தாத விதிகள் புகாரை நிறுத்துகின்றன. இப்படியொரு காவலைக் கட்டுவதற்கு அறியாமை போதாது, மேதாவிலாசம் வேண்டும்.

ஆகவே, மேற்படி மேதாவிலாசத்தைப் பரிபூரணமாக ஒப்புக்கொண்டு, நான் கோருவது இவ்வளவே. களவு போன தடயம் இல்லாதபோது பாஸ்வேர்டை மாற்றச் சொல்ல வேண்டாம். நீளமான பாஸ்வேர்டுக்கும், அதை நினைவில் வைக்கும் மென்பொருளுக்கும் வழிவிடவும். என் பிறந்த தேதியைச் சாவியாக்க வேண்டாம். கணக்கு விவரத்தை லாகின் செய்து எடுத்துக்கொள்ள எனக்குத் தெரியும். என்னை அழைக்கும் சிப்பந்தி முதலில் தம்மை நிரூபிக்கட்டும். புதிய விதி எதையும் வெளியிடுமுன், இது தடுப்பது எந்தத் திருடனை என்று ஒரு வரியில் எழுதிக் கையெழுத்திடவும். எழுத முடியாத விதியைக் கைவிடவும். இவற்றைச் செய்ய இயலாதெனில் மாற்று யோசனை ஒன்று உண்டு: வாடிக்கையாளருக்கு விதித்த அத்தனை நியமங்களையும் தங்கள் இயக்குநர் குழுவினர் ஒரு வருஷம் அனுஷ்டிக்கட்டும், ஒரு விதி தவறியவருக்கு அந்த மாதத்துச் சம்பளம் கிடையாது என்று வைத்துக்கொள்ளலாம். நான் முதலில் கேட்டவையெல்லாம் அடுத்த கூட்டத்திலேயே நிறைவேறிவிடும்.

இதற்குத் தங்கள் பதிலைப் பிடிஎஃப் ஆக அனுப்புவதாயிருந்தால், பாஸ்வேர்டு இன்னதென்று விளக்கும் சிரமத்தைத் தாங்கள் மேற்கொள்ள வேண்டாம். 366 தடவைக்குள் நானே திறந்து வாசித்துக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
தங்கள் விதிகள் எல்லாவற்றையும் ஏதோ ஒரு விதத்தில் மீறிக்கொண்டிருக்கும்
சேமிப்புக் கணக்குதாரன்