ஐந்து சதமும் ஆபிரிக்காவும்

ஐப்பசியில் மழை இறங்கி, கட்டுக்கரைக் குளத்துக்குக் கீழே வயல்களில் விதைப்பு நடக்கிற நேரத்தில்தான் மிஷன் ஞாயிறு வரும். அந்த மாதத்தில் அடம்பன் பக்கத்தில் யார் கையிலும் காசு இராது. போன வெள்ளாமைப் பணம் உழவுக்கும் விதைநெல்லுக்கும் போய்விட்டிருக்கும், அடுத்த சூடடிப்புக்குத் தையோ மாசியோ வரவேண்டும். ஆனாலும், ஆபிரிக்காவில் கோயில் இல்லாத ஊர்களுக்கு உதவுங்கள் என்று சாமியார் முந்தின தடவை வந்தபோதே ஒரு சொல் சொல்லிவிட்டால், பூசணிக்காயும் சேவலும் முட்டைக் கூடையும் தயிர்ச் சட்டியும் தாமாகவே பீடத்துக்கு முன்னால் வந்து குவியும். பூசை முடிந்ததும் வேம்படியில் ஏலம். ஒருவர் எடுத்த சேவலை அவரே திரும்பவும் கோயிலுக்குக் கொடுக்க, இன்னொருவர் அதைக் கேட்க, ஒரே சேவல் ஒரே காலையில் மூன்று நாலு தரம் விலைபோகும். கடைசியில் அதை வீட்டுக்குக் கொண்டுபோனவர் ஆபிரிக்காவில் ஒரு கோயிலுக்கே கூரை போட்டுவிட்ட நிறைவோடு நடப்பார். எங்களைப் போன்ற பொடியன்களின் பங்கு, உள்ளங்கையில் வேர்த்துப்போன அந்தச் சதுரப் பித்தளை ஐந்து சதம். உங்கள் ஊரிலும் இப்படி ஒரு ஞாயிறு இருந்திருக்கும். அந்தக் காசின் முனை கையில் உறுத்தியது கூட உங்களுக்கு நினைவு வரலாம்.

1926இல் பாப்பரசர் பதினோராம் பத்திநாதர் உலகம் முழுவதற்கும் ஏற்படுத்திய ஞாயிறு அது என்பதெல்லாம் எங்களுக்குத் தெரியாது. தெரிந்ததெல்லாம் சாமியார் அறையில் கிடந்த பிரெஞ்சுச் சஞ்சிகையின் படங்கள்தான். நீண்ட தாடி வைத்த ஒரு வெள்ளைக்காரச் சாமியார், அவரைச் சுற்றி ஆபிரிக்கப் பிள்ளைகள், பின்னால் மண்சுவரும் புல்லுக் கூரையுமாக ஒரு சின்னக் கோயில். படத்தைப் பார்த்த எனக்கு அது ஆபிரிக்கா என்றே பிடிபடவில்லை. எங்கள் கோயிலைத்தான் யாரோ படம் பிடித்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். எங்களுடையதும் மண்சுவர்தான், கிடுகுக் கூரைதான், சனிக்கிழமை பின்னேரம் பெண்கள் சாணி மெழுகின தரைதான். ஆபிரிக்கா எங்களுக்கு அப்படியொன்றும் தூரமாகவும் இருக்கவில்லை. பள்ளிமுனையில் நிற்கிற பெரிய பெருக்கமரத்தை, அராபிய வியாபாரிகள் அந்தக் கரையிலிருந்து கொண்டுவந்து நட்டது என்று அம்மம்மா சொல்லியிருந்தார். மரம் வந்த வழியால் எங்கள் ஐந்து சதமும் போய்ச் சேரும் என்பது என் நம்பிக்கை.

எங்களுக்கும் யாரோ இப்படித்தான் வந்து நட்டார்கள் என்பது வளர்ந்த பிறகுதான் மனதில் பதிந்தது. 1544இல் மன்னார்க் கரையின் பட்டிம் ஊர் மக்கள், அக்கரையில் முத்துக்குளித்துறையில் நின்ற சவேரியாருக்கு ஆளனுப்பித் திருமுழுக்குக் கேட்க, அவர் தான் வராமல் வேறொரு குருவை அனுப்பினார். வந்தவரின் பெயர் ஊர் வாயில் தங்கவில்லை. ஞானஸ்நானம் பெற்றவர்களில் அறுநூறு, எழுநூறு பேரை அதே ஆண்டில் யாழ்ப்பாணத்து மன்னன் சங்கிலி வெட்டிக் கொன்றான் என்பதைத் தோட்டவெளி வேதசாட்சிகள் கோயிலுக்குப் போகிற சின்னப்பிள்ளையும் சொல்லும். 1560இல் போர்த்துக்கீசர் மன்னாரில் கோட்டை கட்டினார்கள். 1658இல் ஒல்லாந்தர் அதைப் பிடித்துக் கத்தோலிக்கத்தைத் தடைசெய்தார்கள். எங்களுக்குப் பக்கத்து மாந்தையில் இருந்த மாதா சுரூபத்தை 1670இல் இருபது குடும்பங்கள் தூக்கிக்கொண்டு காட்டுக்குள் போய் மருதமடுவில் ஒளித்து வைத்தார்கள் என்பது இங்கே தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வருகிற கதை. கோவாவிலிருந்து யோசேப் வாஸ் கூலியாள் வேடத்தில் 1687இல் வந்து இறங்கும்வரை, 29 ஆண்டுகள், இந்தக் கரையில் கத்தோலிக்கர் பூசைக்கு ஒரு குருவைக் காணவில்லை. ஒரு தலைமுறை பிறந்து, கலியாணம் முடித்து, பிள்ளை பெற்றுவிடுகிற காலம் அது. அவ்வளவு காலமும் கோயிலைக் காப்பாற்றி வைத்திருந்தது பட்டம் பெற்ற ஒருவருமல்ல. செபம் தெரிந்த மூப்பரும், செபமாலை உருட்டத் தெரிந்த கிழவிகளும்தான்.

1847இல் பிரான்சிலிருந்து அமலமரித் தியாகிகள் வந்தார்கள். மார்செய் ஆயர் எவுஜின் தே மசனொட் ஆரம்பித்த சபை. எங்கள் கரைக்கு ஆளனுப்பிய சில ஆண்டுகளில் அதே கையால் தென்னாபிரிக்காவுக்கும் அனுப்பினார். அந்தச் சபையின் பொஞ்ஜீன் ஆண்டகை 1872இல் அதே மருதமடுவில், இன்றைய மடுவில், பெரிய கோயிலுக்கு அத்திவாரம் போட்டார். அதற்குப் பத்து ஆண்டுகளுக்கு முன்னால், 1862இல், ஜோசப் ஜெராட் என்ற அதே சபைக் குருவானவர், சூலு மக்களிடையே பல ஆண்டு உழைத்து ஏறக்குறைய ஒருவரையும் சேர்க்கமுடியாத மனச்சோர்வோடு, லெசோத்தோ மலைநாட்டுக்குப் போய் அரசர் மொஷூஷூவின் அனுமதியுடன் ஒரு கோயிலைத் தொடங்கினார். ஆக, அந்தச் சஞ்சிகைப் படத்துச் சாமியாரும் எங்கள் அம்மம்மாவுக்கு நன்மை கொடுத்த பிரெஞ்சுச் சாமியாரும் ஒரே வீட்டுப் பிள்ளைகள். அந்தப் படத்தில் எங்கள் கோயிலைக் கண்ட சிறுவனின் கண் சரியாகத்தான் கண்டிருக்கிறது.

எங்கள் சாமியார் மாதத்தில் ஒரு தரம், மழைக்காலத்தில் சில மாதம் அதுவும் இல்லாமல், சைக்கிளில் வருவார். சைக்கிள் கரியரில் பூசைப் பெட்டி, அதன்மேல் குடை. அவர் வரப்போகிறார் என்ற செய்தி ஒரு நாள் முன்னாலேயே வயல் வரம்பால் நடந்து வந்துவிடும். சண்டை பிடித்த அண்ணன் தம்பி அன்று இரவுக்குள் சமாதானமாகவேண்டும், இல்லாவிட்டால் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லவேண்டியிருக்கும் என்ற பயத்தில் எத்தனையோ காணிச் சண்டைகள் தீர்ந்திருக்கின்றன. பூசை லத்தீனில். அர்த்தம் ஒரு சொல்லும் தெரியாமல், மூச்சு விடாமல், குளத்து மதகால் தண்ணீர் பாய்கிற வேகத்தில் பதில் சொன்ன பீடப்பையன்களில் நானும் ஒருவன். இன்றைக்கும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டால் அதை முழுதாகச் சொல்லுவேன். 1960களில் வத்திக்கான் சங்கத்துக்குப் பிறகு பூசை தமிழுக்கு வந்தபோது அம்மம்மா முன்வரிசையில் இருந்து கேட்டுவிட்டு, "இவ்வளவு நாளும் சாமி இதையா சொன்னவர்? இது எனக்கு முந்தியே தெரியும், மோனை" என்றார். அவருக்குத் தெரிந்துதான் இருந்தது. சாமியார் வராத ஞாயிறுகளில் அவரும் மூப்பரும் முன்னுக்கு நின்று செபம் சொல்ல, தவசு காலத்தில் யாக்கோமே கொன்சால்வெஸ் சுவாமி எழுதிவைத்த வியாகுலப் பிரசங்கத்தை ஒருவர் இழுத்துப் பாட, கேட்டுக்கொண்டிருந்த ஆண்பிள்ளைகளும் சால்வைத் தலைப்பால் கண்ணைத் துடைப்பார்கள்.

ஆடி 2ஆம் திகதி மடுத் திருநாள். வண்டிலில் பாயும் பானையும் கட்டுச்சோறும் கருவாடும் ஏற்றி, இரவில் புறப்பட்டு, காட்டுப் பாதையில் மாட்டுச் சலங்கையின் சத்தத்தில் தூங்கி விழித்துப் போவது, இப்போது நினைத்தாலும் உடம்பில் ஆடுகிறது. அது பாலைப்பழக் காலம். வழியில் மரத்தடியில் வண்டிலை நிறுத்தி, உதிர்ந்த பழத்தைப் பொறுக்கித் தின்று, உதடு இரண்டும் பால் பிடித்து ஒட்டிக்கொள்ள, அந்த வாயோடு செபமாலைக்குப் பதில் சொல்லமுடியாமல் பிள்ளைகள் தவிக்க, பெரியவர்கள் சிரிப்பை அடக்கமுடியாமல் அடுத்த மணிக்குத் தாண்டுவார்கள். காட்டில் கம்பு வெட்டிக் கொட்டில் போட்டுத் தங்கும் அந்த ஒரு கிழமைதான் எங்களுக்குத் தெரிந்த உல்லாசப் பயணம். அங்கே பக்கத்துக் கொட்டிலில் சிங்களக் குடும்பம். எங்கள் கருவாட்டுக் குழம்பும் அவர்களின் கிரிபத்தும் மொழி தெரியாமலே கைமாறும். இப்போது அடம்பனிலிருந்து வான் பிடித்தால் காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு புறப்பட்டு மத்தியானத்துக்கு வீட்டில் நிற்கலாம். என் முழங்காலுக்கு அது பெரிய உபகாரம், மறுக்கமாட்டேன். ஆனால் வானின் கண்ணாடிக்கு வெளியே பாலைமரங்கள் ஓடுகின்றன, பழம் நிலத்தில் உதிர்ந்து கிடக்கிறது, பேரப்பிள்ளைகள் கைத்தொலைபேசியில் குனிந்திருக்கிறார்கள். நிறுத்தச் சொன்னால் சாரதி, "நேரமில்லை, ஐயா" என்கிறார்.

கூத்தையும் சொல்லாமல் விடமுடியாது. மிஷனரிகள் தந்த புனிதர் கதைகளை எங்கள் அண்ணாவிமார் வாங்கி, மத்தளமும் தாளமும் சேர்த்து, விடிய விடிய ஆடும் கூத்தாக்கினார்கள். மூவிராசாக்களும் ஞானசவுந்தரியும் என்றீக் எம்பரதோரும் தூரதேசங்களில் பிறந்தவர்களாக இருக்கலாம். களரியில் அவர்கள் பேசியது எங்கள் மாதோட்டத்துத் தமிழ். 1960களில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் வந்து இந்த நாடகங்களைப் பதிப்பித்தபோது, ஏடு வைத்திருந்த கிழவர்கள் முதலில் அதிசயித்து, பிறகு பெருமைப்பட்டார்கள். அறுவடை முடிந்து சூடடித்த களத்திலேயே களரி போட்டு, விடியப்புறம் ராசா கிரீடத்தைக் கழற்றிவைத்துவிட்டு மாட்டை அவிழ்க்கப் போவதைப் பார்த்து வளர்ந்த எனக்கு, ராசாவும் கமக்காரனும் வேறுவேறு ஆள் என்ற எண்ணமே இல்லாமல் போயிற்று.

பிறகு வந்த போர்க்காலத்தைச் சுருக்கமாகத்தான் சொல்ல மனம் வருகிறது. 1985 தையில் வங்காலைப் பங்குத்தந்தை மேரி பஸ்ரியன் சுட்டுக் கொல்லப்பட்டார். 2008இல் மடுமாதாவையே சித்திரையில் தேவன்பிட்டிக்குக் கொண்டுபோகவேண்டி வந்தது. அடுத்த மாதம் அடம்பன் இராணுவத்தின் கையில் விழுந்தபோது ஊரில் நாங்கள் இருக்கவில்லை. ஊர் ஊராக ஓடி, கடைசியில் செட்டிகுளத்து முகாம் கூடாரத்தில், தரப்பாளின் கீழே, ஒரு தகரப் பேணியில் மெழுகுதிரி குத்திச் செபமாலை சொன்னோம். 1658க்குப் பிறகு எங்கள் ஆட்கள் எப்படி இருந்திருப்பார்கள் என்பதை எனக்குப் புத்தகம் சொல்லித்தரவில்லை. அந்தக் கூடாரம் சொல்லித்தந்தது. போர் முடிந்த பிறகு, காணாமற்போனவர்களின் கணக்கை அரசாங்க ஆணைக்குழுவின் முன்னால் துணிந்து கேட்ட எங்கள் முன்னாள் ஆயர் இராயப்பு யோசேப்பு ஆண்டகை 2021இல் கண்மூடியபோது, சைவ வீடுகளிலும் முஸ்லிம் வீடுகளிலும் அழுதார்கள்.

இப்போது எங்கள் கோயிலுக்கு மாபிள் தரை, ஓட்டுக்கூரை, ஒலிபெருக்கி. பாரிசிலும் ரொறன்ரோவிலும் இருக்கிற பிள்ளைகள் அனுப்பிய காசு. முன்பு அடம்பனிலிருந்து ஆபிரிக்காவுக்குப் போன ஐந்து சதம் இப்போது பிரான்சிலிருந்து அடம்பனுக்கு வந்துகொண்டிருக்கிறது. பூசை ஞாயிறுதோறும் உண்டு, வரமுடியாதவர்களுக்குத் தொலைபேசியிலும் உண்டு. ஜெர்மனியின் கெவலார் மாதாவிடம் ஆவணியில் ஆயிரக்கணக்கான தமிழர், சைவரும் சேர்ந்து, மடுவை நினைத்துக்கொண்டு கூடுகிறார்கள். எங்கள் நாட்டு அமலமரித் தியாகிகள் பாகிஸ்தானுக்கும் வங்காளதேசத்துக்கும் மிஷனுக்குப் போகிறார்கள். பிரான்சின் கிராமக் கோயில்களில் ஆபிரிக்கக் குருக்கள் பூசை வைக்கிறார்கள். அங்கே நோயாளியாகக் கிடந்த என் சொந்தக்காரர் ஒருவருக்குக் அவஸ்தைப் பூசுதல் கொடுத்தவரும் ஆபிரிக்கர்தான் என்று கேள்விப்பட்ட அன்று, அந்த ஏலச் சேவலுக்கு நான் மனதார நன்றி சொன்னேன்.

ஊருக்குள் புதிய சபைகளும் வந்திருக்கின்றன. தகரக் கொட்டகை, கித்தார், மோட்டார் சைக்கிளில் ஒரு இளம் பாஸ்டர். எங்கள் ஆட்கள் கோபப்படுகிறார்கள். சிலருக்கு விரட்டிவிடவும் எண்ணம். இப்படித்தான் 2019 சிவராத்திரி நேரம், திருக்கேதீஸ்வரம் சிவன் கோயிலுக்குப் போகிற வழியில் நின்ற வளைவைக் கத்தோலிக்கர் சிலர் பிடுங்கி எறிந்த படத்தைப் பார்த்தபோது எனக்கு நெஞ்சு எரிந்தது. வந்து நட்டவர்களால் வந்தவர்கள் நாங்கள். புதிதாக வேதத்தில் சேர்ந்ததற்காக வாளுக்கு இரையானவர்களின் பெயரில் கோயில் கட்டி வைத்திருப்பவர்களும் நாங்கள். இன்னொருவர் வழிபாட்டை மறிக்க எங்களுக்கு மற்றவர்களைவிடக் குறைந்த உரிமைதான் உண்டு.

அந்த இளம் பாஸ்டரைக் கடைத்தெருவில் கண்டு கதைத்தேன். மரியாதையான பிள்ளை. "ஐயா, முதலில் ஒரு கட்டடம் வேணும்" என்றார். எங்கள் பங்குக்குப் புதிதாக வந்த இளம் சாமியாரும் மண்டபத்துக்கு மேல்மாடி கட்டுவதைப் பற்றித்தான் பேசுகிறார். இருவருக்கும் நான் சொன்னது ஒன்றுதான்: கட்டடம் எங்களிடம் பலமுறை இடிந்திருக்கிறது, ஒல்லாந்தர் காலத்திலும், போர்க்காலத்திலும். நீங்கள் இல்லாத ஞாயிறிலும் எழுந்து நின்று செபம் சொல்லத் தெரிந்த நாலு பேரை ஊருக்குள் உண்டாக்குங்கள். பிள்ளைகளுக்கு ஒரு வியாகுலப் பிரசங்கமோ ஒரு கூத்துப் பாட்டோ பாடமாக்கிக் கொடுங்கள். மடுவுக்குப் போகிற வானை ஒரு பாலைமரத்தடியிலாவது நிறுத்துங்கள். கோயில் நிற்பது இவற்றின்மேல்தான், சுவர் பிறகும் வரும்.