ஏறி வந்த குதிரையே இரவுச் சாப்பாடு

கேள்வி: அந்தக் காலப் போர்களில் முற்றுகைக்குள் மாட்டிக்கொண்ட சிப்பாய்கள் சாப்பாட்டுக்கு என்ன செய்தார்கள்?

பதில்: ஏறி வந்ததையே சாப்பிட்டார்கள்! தென்னாப்பிரிக்காவின் லேடிஸ்மித் நகரை 1899 நவம்பரிலிருந்து டச்சு வம்சாவளிக் குடியேறிகளான போயர்கள் 118 நாள் முற்றுகையிட்டார்கள். உள்ளே ஜெனரல் ஒயிட்டின் பிரிட்டிஷ் படை. தீனி தீர்ந்ததும் குதிரைகளை அறுத்து, சாறு காய்ச்சி, வீரர்களுக்கு ஊற்றினார்கள். நேற்றுவரை தடவிக்கொடுத்த குதிரை இன்று கோப்பையில் என்றால் தொண்டையில் இறங்குமா? இறங்கியது, பசி அப்படி. போயர் குண்டைவிட டைபாய்டு உள்ளிட்ட நோய்கள்தான் அதிகம் பேரைக் கொண்டுபோயின.

இந்த முற்றுகையின் நாயகன் யார் என்று கேட்டால், என் ஓட்டு அங்கிருந்த பிரபுசிங் என்ற இந்திய ஒப்பந்தக் கூலிக்குத்தான். மரத்தில் ஏறி உட்கார்ந்துகொண்டு, எதிரே அம்புல்வானா குன்றில் போயர் பீரங்கி மின்னும்போதெல்லாம் மணி அடிப்பார். குண்டு வந்து விழுவதற்குள் ஊரே பதுங்கிவிடும். துரைமார்கள் குழிக்குள், கூலிக்காரர் மரக்கிளையில்! உயர்ந்த பதவி என்றால் இதுதான். காந்தி இவரைப் பற்றி எழுதியிருக்கிறார். விஷயம் தெரிந்து வைஸ்ராய் கர்சன் காஷ்மீர் அங்கி ஒன்றை அனுப்பிவைத்தார். தென்னாப்பிரிக்க வெயிலில் அதைப் போட்டுக்கொண்டு மனுஷன் என்ன பாடுபட்டாரோ!