கூடவே வரும் கல்வெட்டு

அவர் மண்டகப்பட்டுக்காரர். உங்கள் ஊரில் வேறு ஏதாவது குன்றடியில் பிறந்திருப்பார். ஆள் அதே ஆள்தான்.

அவருக்குக் கேள்வி கேட்கத் தெரியும், பதிலுக்குக் காத்திருக்கத் தெரியாது. "பல்லவன் மகேந்திரவர்மன் எங்க ஊருக் குடைவரைக் கோயிலை எதெது இல்லாம எடுத்தான், தெரியுமா?" என்பார். நாம் வாயைத் திறப்பதற்குள் விரல்கள் மடங்கத் தொடங்கிவிடும். செங்கல் இல்லை, மரம் இல்லை, உலோகம் இல்லை, சுதை இல்லை. மிச்சமிருக்கும் ஒரு விரல் நம் மூக்குக்கு நேரே நீளும். "ஏழாம் நூற்றாண்டுலயே கல்லுல வெட்டி வெச்சிட்டுப் போயிருக்கான்யா!" வெட்டாமல் போயிருக்கலாம் என்று நமக்குத் தோன்றும்.

இந்த நான்கு 'இல்லை'யும் அவரோடு எல்லா இடத்துக்கும் வரும். ஒரு கல்யாணப் பந்தியில், "பருப்பு இல்ல, புளி இல்ல, உப்பு இல்ல, காரம் இல்ல. மகேந்திரவர்மன் வெச்ச சாம்பார்" என்றார். பெண்ணின் தகப்பனார் பக்கத்து இலையில் உட்கார்ந்திருந்தார். பெட்ரோலுக்குப் பங்கு கொடுக்க மறப்பது, முறுக்குப் பொட்டலத்தைத் தன் மடியிலேயே வைத்துக்கொள்வது எல்லாம் தனிக்கதை.

கல்லூரிக் கூட்டாளிகள் ஒரு ஞாயிற்றுக்கிழமை முட்டுக்காட்டில் கூடிப் படகு ஏறலாம் என்று முடிவாயிற்று. விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் வரை பல்லவர்கள், அதற்கப்புறமும் பல்லவர்கள். படகுத்துறையில் லைஃப் ஜாக்கெட் மாட்டும்போதே அடுத்தது வந்தது. "பக்கிங்காம் கால்வாயை முதல்ல வெட்டுனது யாரு, தெரியுமா?" பதிலும் அவரே. 1806, கோக்ரேன் துரை, சென்னையிலிருந்து எண்ணூருக்கு. பிறகு 1876–78 பஞ்சம். பட்டினி கிடந்தவர்களுக்குக் கூலி கொடுத்து வெட்டியது. அப்போதைய கவர்னர் பக்கிங்காம் பிரபுவின் பெயர். "தெக்கால எங்க முடியுது? மரக்காணம்! நம்ம மாவட்டம்யா!" அவரே மண்வெட்டி பிடித்தது போல மார்பு விரிந்தது.

படகோட்டி பாவம், "சார், அங்க பாருங்க, கொக்குக் கூட்டம்" என்றார். "கொக்கு இருக்கட்டும், நம்ம கழுவெளிச் சதுப்புநிலம் 2024ல ராம்சார் பட்டியல்ல சேந்துடுச்சே, தெரியுமா?" கொக்குகள் பறந்துவிட்டன.

அடுத்து பாரதிதாசன். நண்பர்களோடு இதே கால்வாயில் படகேறி மாமல்லபுரம் போனதையும், அதை 'மாவலிபுரச் செலவு' என்று பாட்டாக்கியதையும் சொன்னார். அந்தப் படகில் இவர் இல்லாதது தமிழ் செய்த புண்ணியம். இருந்திருந்தால் கவிஞர் ஒரு வரி எழுதியிருக்க முடியாது.

ஒன்றைச் சொல்லவேண்டும். உப்பும் விறகும் ஏற்றிக்கொண்டு தோணிகள் போன கால்வாய் சென்னைக்குள் சாக்கடையாகிவிட்டதைப் பற்றிப் பேசும்போது அவர் விரலை மடக்கவில்லை. "2008ல தேசிய நீர்வழின்னு அறிவிச்சாங்க. மயிலாப்பூர்ல போய்ப் பாரு, பறக்கும் ரயில் தூணு நடுத் தண்ணியில நிக்குது" என்றபோது குரல் கம்மியது. அந்தக் கோபம் நிஜமானது. அதற்காகவே அவரைப் பொறுத்துக்கொள்கிறோம்.

ஆனால் அன்றைக்கு எங்களில் ஒருவனுக்கு வேலை போயிருந்தது. அதைச் சொல்லத்தான் அவ்வளவு தூரம் வந்திருந்தான். "டேய், ஒரு விஷயம்..." என்று அவன் ஆரம்பிக்கும்போதெல்லாம் ஓர் ஆங்கிலேய கவர்னர் குறுக்கே வந்தார். படகு கரைக்கு வந்துவிட்டது. விஷயத்தை இரண்டு நாள் கழித்து போனில் சொன்னான். இதில் சிரிக்க ஒன்றுமில்லை. பல்லவ ராஜா என்ன வெட்டி வைத்தான் என்று தெரிந்தவருக்கு, எதிரே உட்கார்ந்திருப்பவன் ஏன் இப்படி இளைத்துப் போனான் என்று கேட்கத் தோன்றவில்லையே!

அவரை விட்டுவிட்டுப் போங்கள் என்று சொல்லமாட்டேன். அவர் இல்லையென்றால் செஞ்சி சாலையில் போகிற நாங்கள் அந்தக் குடைவரைப் பக்கம் திரும்பியே பார்த்திருக்கமாட்டோம். காரில் பேசவிடுங்கள், வழி நீளம். படகில் கால் வைக்குமுன் மட்டும் ஒரு நிபந்தனை போடுங்கள். தண்ணீர்மேல் அவர் கேட்கக்கூடிய கேள்வி ஒன்றே ஒன்று: "எப்படிடா இருக்கே?" கேட்டுவிட்டு, பதில் வந்து முடியும்வரை வாயில் முறுக்கு இருக்கவேண்டும்.