அடி அண்ணாமலைச் சக்கரவர்த்தி

சக்கரத்தை உருட்டுகிறவனே சக்கரவர்த்தி என்று வடமொழிப் பண்டிதர்கள் பொருள் சொல்வதுண்டு. அந்தப் பொருள்படி பார்த்தால், வாடகை வீட்டில் குடியிருந்துகொண்டு, சம்பளத்தில் பாதியை மாதத் தவணைக்குக் கொடுத்துவிட்டு, மீதிப் பாதியை நான்கு சக்கரங்களுக்கு நைவேத்தியம் செய்துகொண்டு, இவ்வளவுக்கும் நடுவில் முகத்தில் ஒரு திவ்வியமான திருப்தியோடு உலவி வரும் எங்கள் தெருப் பிள்ளையாண்டானை நாங்கள் சக்கரவர்த்தி என்று அழைப்பதில் இலக்கணப் பிழை ஒன்றும் இல்லை.

இவரைப் போன்றவர்கள் இப்போது ஊருக்கு இரண்டு பேராவது இருக்கிறார்கள். ஒரு காரை வாங்குவார்கள். அதைத் தரையோடு தரையாக இறக்குவார்கள். கம்பெனி கொடுத்த சக்கரங்களைக் கழற்றிவிட்டு, அவற்றைவிடப் பெரிய அலாய் வீல்களைப் பூட்டுவார்கள். பிறகு அந்தக் காரில் எங்கும் போகமாட்டார்கள். ஆனால் இந்த உபாசனைக்கு எங்கள் அடி அண்ணாமலையைக் காட்டிலும் பொருத்தமான க்ஷேத்திரம் பூமண்டலத்தில் வேறு இருக்க முடியாது என்பது என் தாழ்மையான அபிப்பிராயம்.

திருவண்ணாமலையில் 14 கிலோமீட்டர் கிரிவலம் வருகிறவர்கள், வருண லிங்கத்தைத் தரிசித்துவிட்டு வாயு லிங்கத்தை நோக்கி நடக்கையில், மலையின் பின்புறத்தில் எங்கள் ஊரைக் கடந்துதான் போகவேண்டும். ஆதி அருணாசலேசுவரர் கோயில் இங்கேதான் இருக்கிறது; மாணிக்கவாசகர் திருவெம்பாவையை அருளியதும் இங்கேதான் என்பது ஐதீகம். ஆதி அண்ணாமலை என்ற பெயர்தான் மக்கள் வாயில் அடி அண்ணாமலை ஆயிற்று என்பார்கள். ஆதி எப்படியோ, 'அடி' என்பதன் முழு அர்த்தமும் எனக்கு விளங்கியது சக்கரவர்த்தியின் காரில் ஏறிய பிறகுதான்.

இந்த மலையின் புராணத்தைத் தமிழ் வாசகர்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. ஜோதி ஸ்வரூபமாக நின்ற பெருமானின் அடியைத் தேடித் திருமால் பன்றியாகி நிலத்தை அகழ்ந்து போனார், முடியைத் தேடிப் பிரமன் அன்னமாகி மேலே பறந்தார், இருவரும் கண்டாரில்லை. இரண்டு தேவர்கள் ஆளுக்கொரு திசையாகப் பங்கிட்டுக்கொண்டும் முடியாமற்போன காரியத்தை, எங்கள் சக்கரவர்த்தி தனியொருவராக, ஒரே சமயத்தில், பழைய ஸ்விஃப்ட் கார் ஒன்றை வைத்துக்கொண்டு சாதிக்கத் துணிந்தார். உடம்பைக் கீழே இறக்கவேண்டும். சக்கரத்தை மேலே ஏற்றவேண்டும். டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவே கம்பெனிக்காரன் ஏதோ அஞ்ஞானத்தால் விட்டுவைத்த நான்கு விரற்கடை வெற்றிடம் மறைந்து, இரண்டும் ஒன்றையொன்று முத்தமிடுகிறாற்போல் நிற்கவேண்டும். இவ்வளவுதான் அவருடைய சங்கல்பம்.

முதலில் ஸ்பிரிங்கை வெட்டினார். வெட்டிய ஸ்பிரிங்கில் சுருள் குறையக் குறைய விறைப்பு அதிகமாகும் என்பது பௌதிக சாஸ்திரம். ஒரு மாதத்தில் அவருடைய முதுகெலும்பு அந்தச் சாஸ்திரத்தை நிரூபித்துவிட்டது. பிறகு அதற்கென்றே செய்து விற்கும் குட்டை ஸ்பிரிங்குகளை வரவழைத்து மாட்டினார். கார் இரண்டு அங்குலம் இறங்கியது. அதன் பின்னர் சக்கரங்கள் வந்தன.

வந்த அன்று மாலை என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். முப்பத்து மூன்று வருஷம் கணக்கு வாத்தியாராக இருந்தவனிடம் எண்கள் எழுதிய எதையும் காட்டக் கூடாது என்பது அவருக்குத் தெரியாது. பழைய டயரில் 165/80 ஆர் 14 என்றும், புதியதில் 205/45 ஆர் 17 என்றும் எழுதியிருந்தது. முதல் எண் டயரின் அகலம், மில்லிமீட்டரில். இரண்டாவது, அந்த அகலத்தில் பக்கச் சுவரின் உயரம் எத்தனை சதவீதம் என்பது. கடைசி எண் ரிம்மின் விட்டம், அங்குலத்தில். பழைய சக்கரத்தின் முழு உயரம் ஏறக்குறைய 620 மில்லிமீட்டர் வருகிறது, புதியதோ 616.

"தம்பி, பெரிய சக்கரம் பெரிய சக்கரம் என்று சொன்னாயே, இது பழையதைவிட மூன்று நான்கு மில்லிமீட்டர் சின்னதாக அல்லவா இருக்கிறது?" என்றேன்.

"சார், நீங்க சொல்றது டயரு. நான் சொல்றது வீலு" என்றார், அஞ்ஞானியைப் பார்க்கும் ஞானியின் கருணையோடு.

விஷயம் என்னவென்றால், சக்கரத்தின் முழு உயரம் கூடினால் வேகமானி உண்மையைவிடக் குறைத்துக் காட்டும். ஆகையால் விவரம் தெரிந்தவர்கள் ரிம்மைப் பெரிதாக்கி ரப்பரைச் சிறிதாக்கி, மொத்தம் மாறாமல் பார்த்துக்கொள்வார்கள். பணம் கொடுத்து வாங்கிய பெருமையெல்லாம் ரப்பரை உலோகமாக மாற்றிக்கொண்டதுதான். முன்பு 132 மில்லிமீட்டர் உயரத்துக்கு ரப்பரும் காற்றும் இருந்த இடத்தில் இப்போது 92 தான். வழியில் கிடக்கும் கூழாங்கல் ஒவ்வொன்றும் முன்பெல்லாம் டயரோடு பேசி அனுப்பிவிடும். இப்போது உள்ளே வந்து நம்மிடமே விண்ணப்பம் செய்துகொள்கிறது.

உயரம் குறைந்தாலும் அகலம் 40 மில்லிமீட்டர் கூடிவிட்டதல்லவா? போதாததற்கு ரிம்மின் ஆஃப்செட் வேறு. சக்கரம் கொஞ்சம் வெளியே தள்ளி நின்றது. "உரசுமா?" என்று பட்டறையில் கேட்டாராம். "உரசாதுண்ணே, உரசுனா என்னைக் கேளு" என்று அங்கிருந்தவர் சத்தியம் செய்தாராம். அன்னத்தின் பக்கம் பொய்ச்சாட்சி சொன்ன தாழம்பூவின் நினைவு எனக்கு அப்போது வந்தது. தாழம்பூவுக்குச் சிவ பூஜையில் இடமில்லாமற் போயிற்று. பட்டறைக்காரருக்கோ அடுத்த வாரமே இன்னும் இரண்டு கார் வந்தது.

உரசியது. சும்மா நின்றால் உரசவில்லை. நேராகப் போனாலும் உரசவில்லை. திரும்பினாலும், மேடேறினாலும், ஆள் ஏறினாலும்தான் உரசியது. மட்கார்டின் உள்விளிம்பைத் தட்டி மடக்கினார்கள். ஓரளவு சாந்தி ஏற்பட்டது. ஆனாலும் பின்னால் இருவர் உட்கார்ந்தால் 'ஸர்ர்' என்று ஒரு தீனஸ்வரம் எழும். அன்று முதல், ஐந்து பேருக்கென்று சிருஷ்டிக்கப்பட்ட அந்த வாகனம் ஒருவருக்கென்று ஆயிற்று. கல்யாணத்துக்குப் போக லிஃப்ட் கேட்டு வரும் பந்துக்களைச் சக்கரவர்த்தி உபசரித்து உட்காரவைத்து, காபி கொடுத்து, "மாமா எத்தனை கிலோ இருப்பீங்க?" என்று மிகுந்த விநயத்துடன் விசாரிப்பார். அவருடைய தாயார் அந்தக் காரில் ஏறுவதையே விட்டுவிட்டார். "தரையில குந்துறதுக்கு எனக்கு எதுக்குடா காரு? வூட்டுலயே குந்திக்கிறேன்" என்று சொல்லிவிட்டு ஷேர் ஆட்டோவில் போய் வருகிறார்.

ஒருநாள் நான் பஸ் ஸ்டாண்டுக்குப் போகவேண்டியிருந்தது. என் எடை ஐம்பத்திரண்டு கிலோ என்பதால் பிரயாணத்துக்கு அனுக்கிரகம் கிடைத்தது.

வேகத்தடைக்கென்று இந்தியச் சாலைகள் காங்கிரஸ் வகுத்த ஒரு விதி உண்டு: 10 சென்டிமீட்டர் உயரம், 3.7 மீட்டர் அகலம். காரின் முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் உள்ள தூரமோ இரண்டரை மீட்டருக்கும் குறைவு. ஆகையால் விதிப்படி கட்டிய மேட்டில் தாழ்த்திய கார்கூடத் தாயின் தோளில் குழந்தை படுப்பதுபோல் படுத்து இறங்கிவிடலாம். ஆனால் நம் பக்கத்தில் வேகத்தடை என்பது, ரோடு போட்டு மிஞ்சிய தாரை என்ன செய்வது என்று தெரியாமல் குறுக்கே கொட்டிவிட்டுப் போவது. அதற்கு அகலம் கிடையாது. உயரம் மட்டும் உண்டு. தரைக்கு மேல் கம்பெனி கொடுத்த 17 சென்டிமீட்டர் இடைவெளியில் ஐந்தைத் தாமாகவே தியாகம் செய்துவிட்ட சக்கரவர்த்தியின் காருக்கு அது சாட்சாத் இமயமலை.

கிரிவலம் வருகிறவர்கள் அஷ்ட லிங்கங்களை வரிசை தவறாமல் சொல்வார்கள். சக்கரவர்த்தி மேடுகளைச் சொல்வார். பள்ளிக்கூட மேடு, ரேஷன் கடை மேடு, டீக்கடை மேடு என்று ஒவ்வொன்றுக்கும் நாமதேயம் உண்டு. ஒவ்வொன்றையும் எந்தக் கோணத்தில் அணுகவேண்டும் என்ற ஆகமமும் உண்டு. நேராக ஏறமாட்டார். வண்டியை நிறுத்தி, பெருமூச்சு விட்டு, நண்டு போல் ஒருக்களித்து, முன் சக்கரம் ஒன்று, பின் அடுத்தது, பின் சக்கரம் ஒன்று, கடைசியாக அதன் ஜோடி என்று நான்கு தவணைகளில் கடப்பார். அன்று பின்னால் வந்த டவுன் பஸ்காரர் ஹாரன் அடிப்பதைக்கூட நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தார். மூன்றாவது மேட்டில் சக்கரவர்த்தி, "சார், தப்பா எடுத்துக்காதீங்க, ஒரு நிமிஷம் எறங்கிக்கிறீங்களா?" என்றார். இறங்கினேன். இறங்கியவன் அப்படியே நடந்தேன். கைத்தடி ஊன்றிக் கிரிவலம் வந்துகொண்டிருந்த பாட்டி ஒருத்தி எங்கள் இருவரையும் தாண்டிப் போனாள்.

சட்டம் என்ன சொல்கிறது என்று ஒருநாள் அவரே கேட்டார். 1988-ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, தயாரித்தவர் கொடுத்த விவரங்களுக்கு மாறாக வாகனத்தைத் திருத்தக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டும் அதை வற்புறுத்திச் சொல்லிற்று. அதே வருஷத்துத் திருத்தத்தில், அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறைவாசமும் உண்டு என்று சேர்த்தார்கள். நான் இவற்றையெல்லாம் எடுத்துச் சொன்னபோது அவர் பயப்படவில்லை, ஆழ்ந்து சிந்தித்து, "நாலு வீலும் சேர்த்து ஒரு மாற்றமா சார், இல்ல நாலா?" என்று கேட்டார். அத்வைதத்துக்குப் பேர்போன க்ஷேத்திரத்தில் இந்தக் கேள்வியைத் தீர்க்க நான் யார்?

இன்னொரு வாதமும் வைத்திருக்கிறார். "தேருக்கு மரச் சக்கரத்தைக் கழட்டிட்டுத் திருச்சி பெல்லுல செஞ்ச இரும்புச் சக்கரம் போடலியா? அது மட்டும் என்ன?" வாதத்தில் நியாயம் இல்லாமலில்லை. பல கோயில் தேர்களுக்குப் பெல் ஆலை சக்கரம் செய்து கொடுத்திருப்பது உண்மைதான். ஆனால் கார்த்திகைத் தீப உற்சவத்தின் ஏழாம் நாள் எங்கள் மகாரதம் மாட வீதியில் வரும்போது அதற்காக மின்சாரத்தை நிறுத்துகிறார்கள், வழியைச் செப்பனிடுகிறார்கள், முட்டுக்கட்டை போட ஆட்கள் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு கூடவே ஓடுகிறார்கள், ஊரே கூடி வடம் பிடிக்கிறது. சக்கரவர்த்திக்கு இத்தனை பரிவாரம் எங்கே? தனியொருவராகவே உற்சவமூர்த்தியாகவும் முட்டுக்கட்டைக்காரராகவும் இருக்கவேண்டிய நிர்ப்பந்தம் அவருக்கு.

சென்ற மாசி மாதம் வருண லிங்கத்துக்கு அருகில் ஒரு பள்ளத்தில் இறங்கி டயர் வெடித்தது, ரிம்மும் நெளிந்தது. டிக்கியில் ஸ்டெப்னி இருந்தது, கம்பெனி கொடுத்த பழைய 14 அங்குலம். அதை மாட்டினால் பத்து நிமிஷத்தில் வீடு வந்து சேரலாம். அவர் மாட்டவில்லை. "மூணு அலாய் வீலு, ஒரு இரும்பு வீலு. அப்படி ஊருக்குள்ள வரச் சொல்றீங்களா சார்?" என்று கேட்டார். அவர் குரல் தழுதழுத்தது. நெளிவு எடுக்கிறவர் வரும் வரையில், காலை பத்து மணி முதல் மாலை ஐந்து மணி வரை, காருக்குப் பக்கத்திலேயே நின்றார். வழிப்போக்கர் சிலர் ஏதோ வேண்டுதல் என்று நினைத்து அவரைக் கும்பிட்டுவிட்டுப் போனார்கள்.

கழற்றிய பழைய சக்கரங்கள் நான்கும் அவர் வீட்டு மொட்டை மாடியில் இருக்கின்றன. அவற்றின்மேல் முறத்தை வைத்து அவருடைய தாயார் வடகம் காயப்போடுகிறார். காரை விற்கும்போது அவற்றை மாட்டி விற்றுவிட்டு, புதுச் சக்கரங்களை அடுத்ததாக வாங்கப்போகும் கிரெட்டாவுக்குப் பூட்டிக்கொள்வதாகவும், ஆகையால் செலவு செய்த பணம் ஒரு பைசாகூட வீணில்லை என்றும் தாயாரிடம் சொல்லிவைத்திருக்கிறார். கிரெட்டாவின் சக்கரத்துக்கு ஐந்து போல்ட், இந்தச் சக்கரங்களில் இருப்பதோ நான்கு துளை. இது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அந்த அம்மாளுக்கு மட்டும் இன்னும் தெரியாது.