அமைதிக்குப் படிக்கப் போற பேத்திக்கு

வா தாயி, இப்பிடித் திண்ணையில உக்காரு. காந்திகிராமத்துல எம்.ஏ.வுக்கு எடம் கெடச்சிருச்சாமே? என்ன படிப்புடான்னு ஒங்கப்பன்கிட்டக் கேட்டேன். காந்திய சிந்தனையும் அமைதி அறிவியலும்னான். சொல்லும்போதே அவன் மூஞ்சியில அமைதி இல்ல. பாவம், எஞ்சினியருக்குன்னு காசு சேத்து வச்ச பய.

எனக்கு ஒரே ஒரு சந்தேகந்தான். சண்ட போட ரெண்டு நிமிசம் போதும், எவனும் சொல்லிக் குடுக்க வேணாம். அமைதிக்கு மட்டும் ரெண்டு வருசமா? பீசு, ஆஸ்டலு, அதுக்கு மேல பரீட்சையா? அதுல அரியர் வச்சேன்னு வையி, "அந்தப் புள்ள அமைதியில பெயிலாம்ல"ன்னு ஊருக்குள்ள பரவி, மாப்பிள்ள வீட்டுக்காரன் வாசப்படியிலயே நின்னுருவான். சூதானமாப் படி.

சிரிச்சது போதும். நீ போற எடத்தப் பத்திக் கொஞ்சம் கேட்டுக்க. சின்னாளபட்டிக்குப் பக்கம், சிறுமல அடிவாரம், நல்ல காத்து. உக்காந்தா கண்ணு தானாச் சொருகும். அதுக்காக அங்க ஆரம்பத்துலருந்தே எல்லாரும் கண்ண மூடிக்கிட்டு இருந்தாகன்னு நெனச்சிராத. 1947ல காந்திகிராமத்த ஆரம்பிச்ச சௌந்தரம் அம்மா டி.வி.எஸ். அய்யங்காரு மக. சின்ன வயசுலயே புருசனப் பறிகொடுத்தவுக. அந்தக் காலத்துல அப்பிடிப்பட்ட பொண்ணுக்கு வீட்டுல ஒரு மூலைதான். அந்தம்மா டெல்லிக்குப் போயி டாக்டருக்குப் படிச்சாக. பெறகு ஜி. ராமச்சந்திரன்னு ஒரு மலையாளத்துக்காரரக் கட்டிக்கிட்டாக. மறுகல்யாணம், அதுவும் வேற சாதியில, அதுவும் 1940ல. சொந்தபந்தத்துல எத்தன பேரு மோட்டுவளையப் பாத்துப் பெருமூச்சு விட்டிருப்பாகன்னு நீயே நெனச்சுக்க. கூடச் சேந்து அத ஆரம்பிச்சவரும் அந்த ராமச்சந்திரன்தான். அன்னைக்கு ஒரு வீட்டு அமைதி கெடலன்னா, இன்னைக்கு நீ அமைதி படிக்கக் காலேசு இல்ல தாயி.

காந்தி மட்டும் லேசுப்பட்ட ஆளா? மீனாட்சி கோயிலு எல்லாருக்கும் தொறக்காம நான் உள்ள வரமாட்டேன்னு நின்னவரு. 1939 சூலையில வைத்தியநாதய்யருதான், அதுவரைக்கும் உள்ள விடாம வச்சிருந்தவுகள்ல கக்கனையும் இன்னும் சில பேரையும் கூட்டிக்கிட்டு உள்ள போனாரு. அன்னைக்கு மதுரையில நெறயப் பெரிய மனுசங்களுக்குத் தூக்கம் போச்சு. தீட்டுப்பட்டுப் போச்சுன்னு குதிச்சாக. அதுக்கப்புறம் 1946லதான் காந்தி வந்து ஆத்தாளக் கும்பிட்டாரு. போன எடத்துலெல்லாம் இப்பிடி எவன் நிம்மதியவாச்சும் கெடுத்துட்டு வந்த மனுசன் பேர வச்சு ஒனக்கு அமைதிப் பட்டம் குடுக்குறாங்ய. நல்லா விசாரிச்சுத்தான் சேந்தியா?

ஒங்க பாடத்துல கால்டுங்னு ஒரு நார்வேக்காரரு வாராரு. எனக்கெப்பிடித் தெரியும்னு முழிக்காத. சேர்றதுக்கு முன்னாடியே நீ ராத்திரி சத்தம் போட்டுத்தான படிக்கிற. தாத்தாவுக்குக் காது கேக்காதுன்னு ஒனக்கு யாரு சொன்னா? கடன் கேக்க வர்றவன் பேச்சு மட்டுந்தான் கேக்காது. பட்டாளத்துக்கு வரமாட்டேன்னு செயிலுக்குப் போன ஆளாம் அவரு. 1959ல ஆஸ்லோவுல அமைதி ஆராய்ச்சிக்குன்னே ஒரு நிறுவனம் வச்சாராம். வெட்டு குத்து இல்லாம இருந்தா அது எதிர்மறை அமைதி, அதோட அநியாயமும் இல்லாம இருந்தாத்தான் நேர்மறை அமைதின்னு பிரிச்சாராம்.

அதுக்கு அத்தன தூரத்துல உக்காந்து யோசிச்சிருக்க வேணாம். அந்தக் காலத்துல நம்மூரு டீக்கடையில ஒரு பொழுது உக்காந்திருந்தாப் போதும். ரெண்டு தினுசு கிளாசு. ஒண்ணு பெஞ்சுல உக்காந்து குடிக்கிறவுகளுக்கு. இன்னொண்ணு வெளிய கூரையில சொருகியிருக்கும். வந்தவன் அத எடுத்து நீட்டி, ஒசரத்துலருந்து ஊத்துறத வாங்கி, குத்தவச்சுக் குடிச்சு, தானே கழுவி, இருந்த எடத்துலயே சொருகிட்டுப் போவான். ஒரு சத்தம் வராது. டேசன்ல ஒரு கேசு கெடையாது. வந்த அதிகாரியெல்லாம் "தங்கமான ஊரு, அமைதியான ஊரு"ன்னு சொல்லி எளநி குடிச்சுட்டுப் போவாக. வெளியூரு மில்லுல வேல பாத்துட்டு லீவுக்கு வந்த ஒரு பய, "எனக்கும் அந்தக் கிளாசுல ஊத்துங்கண்ணே"ன்னான். அம்புட்டுதான் கேட்டான். சாயங்காலமே மந்தையில கூட்டம். எதுக்கு? ஊரு அமைதி கெட்டுப்போச்சாம். தீண்டாமை குத்தம்னு 1955லயே சட்டம் வந்துருச்சு. ஆனா அவராதம் அந்தப் பயலுக்குத்தான்.

ஒங்க வாத்தியாரு பரீட்சையில கால்டுங்கப் பத்திக் கேட்டா, ஆஸ்லோவ ரெண்டு வரியில முடிச்சுட்டு மந்தைக் கூட்டத்த எழுது.

அப்பறம் உள்ளமைதின்னு ஒண்ணு இருக்கு. கண்ண மூடு, மூச்சக் கவனின்னு சொல்லிக் குடுப்பாங்ய. நல்லதுதான், வேணாங்கல. நம்ம வேதாத்திரி மகரிசி கூடுவாஞ்சேரி நெசவாளி வீட்டுப் புள்ள. ஆழியாத்துல கோயிலு கட்டி மனவளக்கலை சொல்லிக் குடுத்தாரு. இப்ப அதுக்கும் பல்கலைக்கழகப் பட்டம் இருக்கு. அதுல சினம் தவிர்த்தல்னு ஒரு பயிற்சி. யார் யாரு மேல கோவம் வருதுன்னு மொதல்ல பட்டியல் போடணும். நானும் ஒங்கப்பத்தாளும் போட்டோம். வெளி ஆளு ஒருத்தன் பேரு இல்ல, பூரா வீட்டு ஆளுகதான். எனக்கு ஒரு தாளு பத்தல. அவ ஒரே ஒரு பேர எழுதிட்டுப் பேனாவ மூடிட்டா. பொண்டாட்டிய வாழ்த்துறதுக்குன்னு ஆகஸ்டு 30ஆந் தேதியையும் ஒதுக்கி வச்சிருக்காரு அந்த மனுசன். அது அவ காதுக்குப் போகாமப் பாத்துக்க.

கோவத்தக் கழுவுறப்ப எதக் கழுவுறோம்னு பாத்துக் கழுவு. கொழம்புல உப்பு கம்மின்னு வர்ற கோவம் போய்த் தொலையட்டும். ஆம்பள கூலி ஒண்ணு, பொம்பள கூலி ஒண்ணுன்னு குடுக்குறாங்யளேன்னு வர்ற கோவத்தையும் சேத்து மூச்சுல வெளிய விட்டுட்டு, "மனசு லேசாயிருச்சு தாத்தா"ன்னு வந்து நிக்காத. ஒனக்கு லேசாகும்தான். கூலி குடுக்குறவனுக்கு அதவிட லேசாகும்.

காந்தியும் விடியமுன்ன பிரார்த்தனை பண்ணாரு, ராட்டை சுத்துனாரு. அதுக்கப்பறம் நவகாளியில வெட்டிக்கிட்டுக் கெடந்த ஊருக்குள்ள வெறுங்காலோட நடந்தாரு. பிரார்த்தனை மட்டும் போதும்னா ஆசிரமத்துலயே இருந்திருக்கலாம், காலாச்சும் மிஞ்சியிருக்கும். ஒங்க ஆஸ்டல்லயும் காலையில எழுப்பி விட்டுப் பெருக்கச் சொன்னா மொகத்தச் சுளிக்காத. வீட்டுல தொடப்பத்தத் தொடாத புள்ளைக்கு அங்கதான் பாடம் ஆரம்பிக்கும்.

கிராமத்துல போயித் தங்கிப் படிக்கிற திட்டமும் அங்க உண்டு. எந்த ஊருன்னு கேட்டாங்யன்னா நம்மூரையே சொல்லு. பாயும் சோறும் அப்பத்தா பாத்துக்குவா. நோட்ட எடுத்துக்கிட்டு மொதல்ல மந்தைக்குப் போ. கூட்டத்துல யாரு திண்ணை மேல உக்காந்திருக்கான், யாரு கடசி வரைக்கும் வாயத் தொறக்கல, கண்மாய் மீன் ஏலத்துல எந்தத் தெருக்காரன் தொகையே கேக்க மாட்டேங்கிறான், சுடுகாட்டுக்குப் போற பாத எத்தன, எதுல தார் போட்டிருக்குன்னு வரிசையா எழுது. பொம்பளைககிட்டத் தனியாக் கேளு. என்கிட்ட மட்டும் கேக்காத தாயி. நான் எப்பவும் அந்தத் திண்ணை மேல உக்காந்திருக்குற ஆளு. அங்கருந்து பாத்தா நம்மூரு ரொம்ப அமைதியாத்தான் தெரியும்.