எழுத வருகிறவரை நாம் பேணும் அழகு

புதிதாக எழுத வருகிறவர்களை நம்மவர்களைப் போலத் தாங்கிப் பிடிக்க உலகத்தில் வேறு ஆளில்லை. எழுத்தை நம்பி யாரும் கெட்டுப்போகக் கூடாது என்பதில் நமக்கு அவ்வளவு அக்கறை. 1966-இல் ஜெமினி ஸ்டூடியோ வேலையை உதறிவிட்டு முழுநேரமும் எழுதப் புறப்பட்டார் அசோகமித்திரன். அவர் பட்ட பாட்டைக் காட்டியே இன்றுவரை எத்தனை இளைஞர்களை வேலையை விடாமல் காப்பாற்றியிருக்கிறோம்! எழுத்தாளர்களான ஆ. மாதவனைத் திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவில் பாத்திரக் கடையிலும், நாஞ்சில் நாடனைப் பம்பாய்க் கம்பெனி வேலையிலும் பத்திரமாக உட்கார வைத்தவர்களும் நாம்தான். அந்தப் பாத்திரக் கடை இல்லாவிட்டால் மாதவனின் ‘கடைத்தெருக் கதைகள்’ ஏது? புத்தகத்தை வாங்காவிட்டாலும் அதில் நமக்கொரு பங்கு உண்டு.

வீடுகளின் ஒத்துழைப்பைச் சொல்லி மாளாது. எனக்குத் தெரிந்த பள்ளி ஆசிரியை ஒருவர் சிறுகதை எழுதுகிறார். ராத்திரி மாவு வழித்து, மறுநாளைக்குக் காய் நறுக்கி, பிள்ளையின் நோட்டுக்கு அட்டை போட்டு முடித்த பிறகு, அடுப்பு மேடையில் சாய்ந்தபடி செல்போனில் தட்டுவார். கதாநாயகி ரயிலேறப் போகிற கட்டத்தில் உள்ளேயிருந்து குரல் வரும்: “சும்மாதானே இருக்கே, அந்த மோட்டாரை நிறுத்திட்டு வந்துடு.” பொங்கலிலிருந்து அந்தக் கதாநாயகி திண்டுக்கல் ஸ்டேஷனிலேயே நிற்கிறாள். ஒரு பெண் அவசரப்பட்டு ஊரைவிட்டுப் போகாமல் தடுத்த புண்ணியம் அந்த வீட்டாரைச் சேரும். வாசகர் இல்லை என்கிற குறையும் அந்த ஆசிரியைக்குக் கிடையாது. அவருடைய மாமியார் ஒரு வரி விடாமல் படிக்கிறார், தன்னைப் பற்றி ஏதாவது எழுதியிருக்கிறாளா என்று.

பதிப்பாளர்களில் சிலருடைய பெருந்தன்மை இன்னும் மேலே. அச்சுக் கூலியை எழுதியவரே கொடுக்கும் பாக்கியத்தை அருள்கிறார்கள். ராயல்டி போன்ற நாகரிகமில்லாத பேச்சு நடுவில் எழுவதில்லை. விற்காத பிரதிகளையும் தாமே வைத்துக்கொள்ளாமல் வீட்டுக்கே அனுப்பிவிடுகிறார்கள். பரணில் கல்யாண அண்டாவுக்குப் பக்கத்தில் இலக்கியத்துக்கும் இடம் கிடைக்கிறது.

வெளியீட்டு விழா மேடையின் நேர்மைக்கு ஈடு உண்டா? “வரும்போது காரில்தான் புரட்டினேன்” என்று வாழ்த்துரைக்கு வந்த பெரியவர் ஒளிக்காமல் சொல்லிவிடுவார். படிக்காத புத்தகத்தைப் பற்றிப் பேசுவது பாவம் என்று தெரிந்தவர், ஆகையால் தம்முடைய முதல் புத்தகத்தைப் பற்றி முக்கால் மணி நேரம் பேசுவார். எழுதியவருக்கு நன்றியுரையில் இரண்டு நிமிடம். மண்டபத்துக்காரர் விளக்கை அணைக்க வேண்டாமா?

விருது விஷயத்தில் நமக்குள்ள நிதானமும் பெரிது. சி.சு. செல்லப்பா 1959-இல் ‘எழுத்து’ பத்திரிகையைத் தொடங்கிக் கைக்காசு போட்டு நடத்தினார். புத்தக மூட்டையைச் சுமந்துகொண்டு கல்லூரி கல்லூரியாக நடந்து விற்றார். ‘சுதந்திர தாகம்’ நாவலைக்கூடத் தள்ளாத வயதில் தானேதான் அச்சிட்டார். உயிரோடிருக்கும்போது பரிசு கொடுத்தால் மறுத்துவிடக்கூடிய மனிதர். அதனால் அவர் 1998-இல் காலமாகும்வரை பொறுத்திருந்து, 2001-இல் அந்த நாவலுக்குச் சாகித்திய அகாதெமி விருதைக் கொடுத்தோம். இளைஞர்களும் இதே மரியாதையை நம்பி எழுதலாம்.

உங்கள் தெருவிலும் ஒருவர் எழுதிக்கொண்டிருப்பார். புத்தகம் வந்ததும் விலை கொடுத்து வாங்கி அவரைத் திகைக்க வைத்துவிடாதீர்கள். “எனக்கொரு காப்பி கிடையாதா?” என்று உரிமையோடு கேளுங்கள். கையெழுத்தும் போட்டுத் தருவார்.